நகராததை நீக்கு

எனக்கு முன்கோபம் அதிகம் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலையில் எனக்குக் கோபம் வந்தது மனிதர்கள் மேல் அல்ல, புதுக் கணினியின் மேல். பழையது ஒருவழியாக மூச்சை விட்டுவிட்டது. புதியதில் எங்கள் நிரலை ஏற்றிவிட்டு, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஏற்கெனவே எடுத்து முடித்த படங்களையே அதற்குக் கொடுத்தேன். வந்த எண்களைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மருந்தைக் கொடுத்தால் கிருமி இருக்கும் இடத்தில் வெள்ளணுக்கள் இரண்டு மடங்காகின்றன என்று நாங்கள் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தோம். இந்த இயந்திரமோ மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இரண்டும் ஒன்றுதான் என்று கூசாமல் சொன்னது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சாமந்தி இதழ் நீளம்கூட இல்லாத மீன் குஞ்சுகளை வளர்க்கிறோம். அந்த வயதில் அவை கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே ஓடும் ரத்தம்வரை வெளியே தெரியும். ஒரு குஞ்சை மயக்க மருந்துத் தண்ணீரில் விட்டு, இளஞ்சூடான கூழில் இறக்கி, கூழ் உறைவதற்குள் அதை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். அதற்கு உலகத்தில் எந்தக் கருவியும் சரிப்பட்டு வராது. ஒரு குச்சியின் நுனியில் கண் இமை முடி ஒன்றை ஒட்டி வைத்துக்கொள்வோம், அதுதான் கருவி. எங்கள் கூடத்தில் இருக்கும் குச்சிகள் எல்லாம் என் இமை முடிகள். மற்றவர்களுடையது தொளதொளவென்று இருக்கிறது என்று நான் சொல்லுவேன், அவர்களுக்கு அது பிடிக்காது. பிறகு வாலில் ஊசியால் குத்திக் கிருமியை விட்டு, நுண்ணோக்கியின் கீழே வைத்து மூன்று மணி நேரம் படம் எடுப்போம். கிருமி சிவப்பாக ஒளிரும், வெள்ளணு பச்சையாக ஒளிரும்.

முதலில் ஒரு வெள்ளணு மோப்பம் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வரும். கிருமியைக் கண்டதும் ஒரு ரசாயனத்தைக் கக்கும், மற்றவர்களுக்கு அதுதான் அழைப்பு. வந்தவர்களும் அதையே கக்குவார்கள். அதைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் வருவார்கள். இப்படியே போனால் கூட்டம் கட்டுக்கடங்காமல் பெருகி நல்ல சதையையே நாசமாக்கிவிடும். அதனால் அழைப்பு அளவுக்கு மீறினால் வெள்ளணுவுக்கே காது அடைத்துப்போகும். கூப்பிடுவது கேட்காமல், இருக்கும் இடத்திலேயே நின்றுவிடும். இந்த நிறுத்தத்தைத்தான் எங்கள் பேராசிரியர் எதிரியாகப் பார்த்தார். நிற்காமல் ஓடினால் இன்னும் நிறைய இடத்தைத் தேடும், இன்னும் நிறையக் கிருமியைப் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. காது அடைக்காமல் இருக்க ஒரு மருந்து கண்டுபிடித்தார். நானும் கூடவே இருந்தேன், எனக்கும் அந்தக் கணக்கு சரியாகவே பட்டது.

அந்த மருந்தை முதன்முதலாக மனிதருக்குப் போடப்போகும் நாள் திங்கட்கிழமை. ஆறாத புண் உள்ளவர்கள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதில் முதல் ஆள் என் அக்கா.

அக்கா பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். காலையில் கதவைத் திறந்தால் இரவுவரை நின்ற கால்தான். சர்க்கரை வியாதி வந்தது, கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் வந்தது, அது புண்ணாகி ஒரு வருடமாக ஆறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. விரலை எடுத்துவிடலாம் என்று புண் மருத்துவர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். "என் விரலை எடுத்து நீங்க என்ன பண்ணப் போறீங்க, மாலையா கோத்துப் போடப் போறீங்களா" என்று அவரிடம் கேட்டுவிட்டு வந்தவள் அவள். அவளை இந்த மருந்துக்குச் சம்மதிக்கவைத்தது நான். பேராசிரியரிடம் அவளுக்கு ஓர் இடம் கேட்டு மன்றாடியதும் நான்.

ஆகவே அந்த எண்கள் என் கண்ணைக் குத்தின. பழைய கணினியின் அமைப்புகளையும் புதியதின் அமைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். பழையதில் 'நகராததை நீக்கு' என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தது, புதியதில் இல்லை. அட இவ்வளவுதானா என்று கையை நீட்டினேன். படத்தில் தூசி இருக்கும், செத்த அணுக்கள் இருக்கும், தோலில் மினுக்கும் புள்ளிகள் இருக்கும். அவை நகராது. அவற்றை எண்ணக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கட்டம். எங்கள் கூடத்தில் சேருகிற எவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. பல் தேய்ப்பது மாதிரி, ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

கை பாதியில் நின்றது. நாங்கள் ஆராய்ச்சி செய்வதே நிற்கும் அணுக்களைப் பற்றி. நிற்பதை எல்லாம் குப்பை என்று தள்ளிவிட்டு, நிற்பதைப் பற்றி என்ன கண்டுபிடித்தோம்?

 நிரல் வரைந்த கோடுகளை அழித்துவிட்டு, வெறும் படத்தைப் போட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மருந்து கொடுக்காத மீனில் பச்சை அணுக்கள் வந்தன, கிருமிக்கூட்டத்தின் விளிம்பில் நின்றன, பிறகு அசையவில்லை. நின்ற ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் சிவப்பு இருந்தது. தின்றுகொண்டிருந்தன. வேலை செய்ய உட்கார்ந்தவனை எல்லாம் செத்தவன் என்று எழுதியிருக்கிறோம். மருந்து கொடுத்த மீனிலோ பச்சை அணுக்கள் தலைதெறிக்க ஓடின. கிருமிமேலேயே ஏறி ஓடின. ஒன்றும் நின்று தின்னவில்லை. ஓடினவை எல்லாம் கணக்கில் ஏறிவிட்டன, அதனால்தான் அந்த இரண்டு மடங்கு.

நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனேன். அவர் கெட்ட மனிதர் என்று நினைக்க வேண்டாம். கூடத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவரே காரில் கொண்டுபோய் விடுவார். ஆனால் தான் பெற்ற பிள்ளையைப் பற்றி யாரும் குறை சொல்லிவிடக் கூடாது, இந்த மருந்து அவருக்குப் பிள்ளை. நான் காட்டிய படத்தைப் பார்த்தார். நிற்பவை செத்தவையாக இருக்கலாம் என்றார். செத்தது எங்கேயாவது தின்னுமா என்று கேட்டேன். சாவதற்கு முன்னால் தின்றிருக்கலாம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடி கழற்றி மூடி கழற்றி உடைத்தேவிட்டேன். திங்கட்கிழமை முடியட்டும், அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

நிதானமாம். என் அக்காவின் காலில் போட்ட பிறகு நிதானமாகப் பார்ப்பார்களாம்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. படம் எடுத்து முடிந்ததும் மீன் குஞ்சுகளை அப்போதே அழித்துவிடுவோம். படம் கிடைத்துவிட்டது, மீனுக்கு இனி என்ன வேலை. இத்தனை காலத்தில் ஒரு மீனையாவது மறுநாள்வரை வைத்து, பிழைத்ததா என்று பார்த்த ஆள் எங்களில் கிடையாது. அன்று பிற்பகல் நான் புதிதாக ஒரு வரிசை மீன்களுக்குக் கிருமி போட்டேன். பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர். படமே எடுக்கவில்லை. இரண்டையும் தனித்தனித் தட்டில் விட்டு, மூடி போட்டுச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை வந்து மூடியைத் திறந்தேன். வெறும் தண்ணீரில் இருந்தவற்றில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் துள்ளின. மருந்துத் தட்டில் பெரும்பாலானவை வெளுத்துப்போய் அடியில் கிடந்தன. ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். வால் முழுக்கச் சிவப்பு.

தட்டோடு பேராசிரியர் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார், குடித்தேன், மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. ஒரே ஒரு தடவை செய்த சோதனை என்றார் அவர். யாரும் சரிபார்க்கவில்லை, அளவு தவறியிருக்கலாம், நோயாளி என் அக்கா என்பதால் என் கை நடுங்கியிருக்கலாம் என்றார். அப்படியானால் திங்கட்கிழமையைத் தள்ளிவைத்துவிட்டு நீங்களே செய்து பாருங்கள் என்றேன். மருந்தைத் தயாரிக்கும் கம்பெனிக்காரர்கள் விமானம் ஏறிவிட்டார்கள் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, ஆஸ்பத்திரியில் வந்து வாயைத் திறந்தால் செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் வேலைக்கு வர வேண்டியதில்லை என்றார். கூடத்து விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று நான் கையெழுத்துப் போட்டிருப்பதையும் ஞாபகப்படுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கடைக்குப் போனேன். கடை விடுமுறை, அவள் சீப்புகளை வெந்நீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "வாடி மீன்காரி, என்ன வலையோட வந்திருக்கே" என்று கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. மருந்து வேலை செய்யாது என்பதை அவளால் தாங்கியிருக்க முடியும். அதைச் சொல்வது நான் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஆசை காட்டினதும் நீ, இப்போ பிடுங்கறதும் நீயாடி? என் காலு உனக்கு விளையாட்டுச் சாமானா?"

விரலை எடுத்தால் எப்படி நிற்பேன், எப்படி முடி வெட்டுவேன், கடையில் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பேன் என்று வரிசையாகக் கேட்டாள்.  பேராசிரியர் பெரிய படிப்புப் படித்தவர், அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்றாள். நாளைக்கு ஊசி போட்டுக்கொள்ளத்தான் போகிறேன், நீ அங்கே வந்து நிற்காதே என்று சொல்லிவிட்டுச் சீப்புகளை ஒவ்வொன்றாக உதறினாள். வெந்நீர் என் முகத்தில் தெறித்தது. வேண்டுமென்றே செய்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

வராதே என்றால் வராமல் இருக்கும் ரகமா நான்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் ஓர் அறையில் ஐந்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஐந்து பேரும் ஒரு காலில் மட்டும் காலுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாற்காலியில் அக்கா. நல்ல புடவை கட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேராசிரியர், கம்பெனிக்காரர்கள் இருவர், புண் மருத்துவர், கையில் ஊசித் தட்டோடு ஒரு நர்ஸ். பேராசிரியர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்கிற அர்த்தத்தில்.

நான் நாற்காலிகளுக்கு எதிரில் போய் நின்றேன்.  இந்த மருந்து போட்ட மீன்கள் மறுநாள் செத்துப்போயின என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். வெள்ளணு ஓடுவதை நிறுத்தினால்தான் கிருமியைத் தின்னும், இந்த மருந்து அதை நிற்கவிடாது, நின்றவற்றைக் குப்பை என்று தள்ளிவிட்டுத்தான் நல்ல மருந்து என்று கணக்குக் காட்டியிருக்கிறோம் என்றேன். இதில் என் கணக்கும் உண்டு என்றேன்.

பேராசிரியர் பதறவில்லை. மருத்துவரைப் பார்த்து, வருத்தத்தோடு சொல்லுகிற மாதிரி, "இவங்க அந்தம்மாவோட தங்கச்சி. பயந்துட்டாங்க, பாவம். இல்லாததை எல்லாம் கற்பனை பண்ணிக்கறாங்க" என்றார். கம்பெனிக்காரர்களில் ஒருவர் என் முழங்கையைத் தொட்டு வெளியே வரச் சொன்னார். கையை உதறினேன்.

அப்போதுதான் அக்கா ஜன்னலிலிருந்து திரும்பினாள். என்மேல் அவளுக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம். அவள் என்னை எத்தனை வேண்டுமானாலும் திட்டுவாள். ஆனால் அவள் எதிரில் இன்னொருவர் என்னைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டுத் தப்பித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "இவ மீனை மறுநாள் வரைக்கும் வச்சுப் பாத்திருக்கா. நீங்க பாத்தீங்களா?"

மூன்று மணி நேரம் கவனிப்பதுதான் உலகம் முழுக்க இந்தத் துறையில் வழக்கம் என்று பேராசிரியர் ஆரம்பித்தார்.

"அது இருக்கட்டும் சார். பாத்தீங்களா, இல்லையா?"

 அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அதை நான் மறுக்க மாட்டேன்.

"இல்லைம்மா."

அக்கா குனிந்து காலுறையை எடுத்து மாட்டினாள். புண்ணின் மேல் இழுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். புண் மருத்துவர் நர்ஸிடமிருந்து தட்டை வாங்கி மூடினார். இன்றைக்கு யாருக்கும் போடப்போவதில்லை என்றார். கடைசி நாற்காலியில் இருந்தவர் எழுந்துவிட்டார். தச்சு வேலை செய்கிறவர், கால் பாதி கறுத்திருந்தது. எனக்கு வேறு வழியே இல்லை, போடுங்கள், செத்தால் நான்தானே சாகப்போகிறேன் என்று மருத்துவரிடம் கெஞ்சினார். மருத்துவர் முடியாது என்றதும் என் பக்கம் திரும்பி, நீ நன்றாக இருப்பாயா என்று கேட்டார். இன்னும் மோசமாகவும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை, நான் செய்ததிலும் ஒரு தவறும் இல்லை.

வீட்டுக்குப் போக அக்காவோடு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். பாதி வழியில் ஓட்டுநர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உடைந்து அழுதாள். உனக்காகத்தான் எழுந்து வந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள். அழுகையினூடே கம்பெனிக்காரனுடைய சட்டைக்குக் கழுத்துப்பட்டி பொருந்தவே இல்லை என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

செவ்வாய்க்கிழமை என் அடையாள அட்டைக்குக் கூடத்தின் கதவு திறக்கவில்லை. உள்ளே பேராசிரியர் எல்லோரையும் பெரிய கூடத்தில் நிற்கவைத்து, நான் சரிபார்க்காத சோதனையை வைத்துக்கொண்டு நோயாளிகளைப் பயமுறுத்தினேன், நம்பிக்கைத் துரோகம் செய்தேன் என்று அறிவித்ததாக, அங்கே வேலை செய்யும் மாணவி ஒருத்தி சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லையாம். என் இமை முடியில் செய்த குச்சியைத்தான் அவர்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் புண் காத்திருக்கவில்லை. அடுத்த வாரமே காலில் சிவப்பு மேலேறியது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அறுவை முடிந்து கண் விழித்ததும் அக்கா போர்வையை விலக்கிக் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள், வெகு நேரம் பார்த்தாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தபோது, பேசாதே என்று கையைக் காட்டினாள். அவளுக்குத் தர என்னிடம் ஒன்றும் இல்லை. என்னால் அவள் விரலைக் காப்பாற்ற முடியவில்லை. அதை மட்டும் அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள்.

பேராசிரியர் வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. சவரம் செய்யாத முகம், சுருங்கிய சட்டை, கையில் ஆரஞ்சுப் பழம். வாசலிலேயே நின்றார். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"மூணு தடவை செஞ்சு பாத்துட்டேன்" என்றார் என்னிடம். "என் கையாலயே. மறுநாள் வரைக்கும் வச்சு. நீ சொன்னதுதான்."

எத்தனை நாள் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன், வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அக்கா தலையணையில் சாய்ந்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த ஊசியைப் போட்டிருந்தா எனக்கு என்ன ஆயிருக்கும் சார்?"

அவர் என்னைப் பார்த்தார். உதவி கேட்கும் பார்வை. நான் கொடுக்கவில்லை.

"விரலோட நின்னிருக்காதும்மா" என்றார். "காலே போயிருக்கலாம். உயிரே கூட..."

 அக்காவின் கன்னம் துடித்தது. பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"இதை எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க? இவளைத் துரோகின்னு கூடத்துல எல்லாரையும் நிக்க வச்சுத்தானே சொன்னீங்க? அதே கூடத்துல, அதே ஆளுங்க முன்னாடி சொல்லுங்க. அந்த அஞ்சு பேர்கிட்டயும் போய்ச் சொல்லுங்க."

எல்லோருக்கும் எழுதி அனுப்புகிறேன் என்றார் அவர். எழுதுவதெல்லாம் வேண்டாம், வாயால் சொல்லுங்கள் என்றாள் அக்கா. அவர் தலையசைத்தார். களைத்துப்போயிருந்தார், உட்கார இடம் தேடினார். இருந்தது ஒரே நாற்காலி, அதில் அக்காவின் கைப்பை இருந்தது. பத்து வருடம் அவருக்கு நாற்காலி இழுத்துப்போட்ட பழக்கத்தில் நான் பையை எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும்டி" என்றாள் அக்கா. "சார் சொல்லிட்டு வரட்டும். வந்து உக்காரட்டும்."